மேசைக்கும் சட்டைப்பைக்கும் இடையே: கம்பி வழியும் காற்று வழியும்

கம்பி பெரிதா, கம்பியில்லாமை பெரிதா என்னும் வழக்கு நம் காலத்தில் தோன்றியதன்று. 1870-ஆம் ஆண்டில் பம்பாயையும் இங்கிலாந்தையும் கடலடித் தந்திக் கம்பி இணைத்தது. அதன் பின்னர் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கடல் கடந்த செய்தி என்றாலே கம்பி வழியே வந்த செய்தி என்றுதான் பொருள். 1927-ல் பூனா நகரை அடுத்து அமைந்த நிலையங்களின் வாயிலாக இங்கிலாந்துக்குச் சிற்றலைக் கம்பியில்லாத் தந்தி தொடங்கிற்று. கட்டணம் குறைவாக இருந்தமையால் வணிகர்கள் அதன்பால் திரும்பினர். கம்பிக் கம்பெனிகளின் வருவாய் சரிந்தது. அங்ஙனமாயின் கம்பியைக் கைவிட்டிருக்கலாமே என்று தோன்றும். ஆனால் அரசாங்கங்கள் அதற்கு உடன்படவில்லை. காற்றில் செல்லும் செய்தியை வழியில் எவரும் செவிமடுக்கலாம். கடலின் அடியிற் கிடக்கும் கம்பியில் செல்வது அத்துணை எளிதில் பிறர் கைப்படாது. 1928-ல் லண்டனில் இதற்கென ஒரு மாநாடு கூடிற்று. 1929-ல் இரு தொழில்களும் ஒரே நிறுவனத்தின்கீழ் இணைக்கப்பட்டன. 1934-ல் அந்நிறுவனம் 'கேபிள் அண்டு வயர்லெஸ்' என்றே பெயர் பூண்டது. வழக்காடிய இருவருக்கும் மணம் முடித்து வைத்தாற்போல அமைந்தது அந்தத் தீர்ப்பு.

ஆறாயிரம் ஏழாயிரம் கிலோமீட்டர் தொலைவைப் பற்றி எழுந்த அந்த வழக்கு, ஒரு முழத் தொலைவிலும் மீண்டும் எழும் என்று அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள். மேசைமேல் இருக்கும் கணிப்பொறிக்கும் அதன் அருகில் வைக்கப்பட்டிருக்கும் கைப்பேசிக்கும் இடையே செய்தி செல்ல வேண்டும். கம்பியிற் செல்வதா, காற்றிற் செல்வதா? கடந்த முப்பது ஆண்டுகளாக நடந்துவரும் இச்சிறு வழக்கின் வரலாற்றையே இங்குக் கூற முற்படுகிறேன். பொருள் சிறிதாயினும் அதில் அடங்கியிருப்பது சிறிதன்று. நம் உற்றார் உறவினரின் முகவரிகள், குழந்தைகளின் படங்கள், கடிதங்கள், கணக்குகள் ஆகிய அனைத்தின் மூலப்படியும் யாரிடம் இருக்கிறது என்னும் கேள்வி இதனுள் அடங்கியுள்ளது.

முதலில் 'ஒத்திசைவு' என்றால் என்னவென்று தெளிந்துகொள்வோம். ஒரு வணிகர் கடையில் ஒரு பேரேடும் வீட்டில் ஒரு பேரேடும் வைத்திருக்கிறார் என்று கொள்ளுங்கள். பகலில் கடை ஏட்டில் சில வரிகள் ஏறும். இரவில் வீட்டு ஏட்டில் சில வரிகள் ஏறும். வாரம் ஒருமுறை இரண்டையும் அருகருகே வைத்து ஒன்றில் உள்ளதை மற்றதில் எழுதிச் சமன்செய்ய வேண்டும். ஒரே வரியைக் கடையில் ஒருவிதமாகவும் வீட்டில் வேறுவிதமாகவும் திருத்தியிருந்தால் எது மெய்? ஒரு ஏட்டில் அடித்துவிட்ட வரி மற்றதில் இருந்தால், அது அங்கே புதிதாக எழுதப்பட்டதா, இங்கே நீக்கப்பட்டதா? வெறும் நகல் எடுத்தலுக்கும் ஒத்திசைவுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. நகல் ஒரு திசையிற் செல்லும். ஒத்திசைவு இரு திசையிலும் செல்லும். அதன் தொல்லையெல்லாம் இந்த இரண்டாவது திசையிலிருந்து பிறப்பதே.

இத்தொல்லையைப் பொதுமக்கள் அஞ்சாத வகையில் முதன்முதலாகத் தீர்த்து வைத்தது 1996-ல் அமெரிக்காவில் வெளிவந்த 'பைலட்' என்னும் கையடக்கக் குறிப்பேடு எனலாம். பாம் என்னும் கம்பெனியின் ஜெஃப் ஹாக்கின்ஸ் அதனை வகுத்தவர். யந்திரம் உருவாகுமுன் அவர் அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். கூட்டங்களில் அதை வெளியே எடுத்து, சீவிய குச்சி ஒன்றினால் அதன்மேல் எழுதுவதுபோல் பாவனை செய்து பார்த்தாராம். பையில் வைத்தது நாள் முழுதும் உறுத்தாமல் இருக்கிறதா, எடுத்ததும் பயன்படுகிறதா என்பதே அவருடைய சோதனை. முதல் பைலட்டின் நினைவகம் 128 கிலோபைட் மட்டுமே. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு படம்கூட அதனுள் அடங்காது.

ஆனால் அதன் வெற்றிக்குக் காரணம் அந்த ஏடு மட்டுமன்று. அதனுடன் கொடுக்கப்பட்ட சிறு பீடமே ஆகும். அதற்குத் தொட்டில் என்றே பெயர். தொட்டிலிலிருந்து ஒரு கம்பி கணிப்பொறிக்குச் செல்லும். மாலையில் ஏட்டைத் தொட்டிலில் இருத்தி ஒரே ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். இரு ஏடுகளும் சமன்பட்டுவிடும். மாறிய ஒவ்வொரு குறிப்பின்மீதும் ஏடு ஓர் அடையாளம் இட்டு வைத்திருக்கும். அடையாளம் இடப்பட்டவற்றை மட்டும் அனுப்பினால் வேலை சில விநாடிகளில் முடியும். ஒரே குறிப்பு இருபுறத்திலும் வெவ்வேறாகத் திருத்தப்பட்டிருந்தால், யந்திரம் தீர்ப்பளிக்க முனையாது. இரண்டையும் வைத்துக்கொண்டு உரியவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடும். இந்த அடக்கம் எனக்கு மிகவும் பிடித்தமானது. பின்னர் வந்த எத்தனையோ பெரிய சாதனங்கள், தமக்கே எல்லாம் தெரியும் என்று கருதி, உடையவரைக் கேளாமலே ஒன்றை அழித்து ஒன்றை நிறுத்தின.

தொட்டிலில் இருத்த வேண்டும் என்பதும் மனிதர் மறந்துவிடக்கூடிய வேலைதான். எனவே கம்பியை ஒழிக்கும் முயற்சி தொடக்கத்திலிருந்தே உடன் நடந்து வந்தது. 1994-ல் டைமெக்ஸ், மைக்ரோசாஃப்ட் ஆகிய இரு கம்பெனிகளும் சேர்ந்து வெளியிட்ட ஒரு கைக்கடிகாரம் இதில் வேடிக்கையானது. கணிப்பொறியின் திரையில் வெண்கோடுகள் தோன்றித் தோன்றி மறையும். கடிகாரத்தைத் திரைக்கு நேராகப் பிடித்தால், அதன் முகத்திலிருந்த சிறு ஒளிக்கண் அந்த மினுக்கல்களைப் படித்துத் தொலைபேசி எண்களாகவும் நினைவூட்டல்களாகவும் குறித்துக்கொள்ளும். கம்பியும் இல்லை, வானொலி அலையும் இல்லை. கண்ணால் காணும் ஒளியே தூது. ஆனால் தூது ஒரு திசையில்தான். கடிகாரம் திரும்பிப் பேசாது. பழைய கண்ணாடிக் குழாய்த் திரைகளில்தான் இவ்வித்தை பலித்தது. மடிக்கணிப்பொறிகளின் தட்டைத் திரைகளில் பலிக்கவில்லை. அவற்றுக்கெனத் தனியே ஒரு கருவியைக் கம்பியால் இணைக்க வேண்டியதாயிற்று!

அதே காலத்தில் அகச்சிவப்பு ஒளியின் மூலம் செய்தி அனுப்பும் முறைக்கும் பொது விதிகள் வகுக்கப்பட்டன. 1998-ல் வந்த பாம் ஏட்டில் அந்தக் கண் இருந்தது. ஆயினும் இரு கண்களும் ஒரு மீட்டருக்குள் நேருக்கு நேர் நோக்கியிருக்க வேண்டும்; இடையில் ஒரு காப்பிக் குவளையை வைத்தால் பேச்சு நின்றுவிடும்.

மறைவைக் கடந்து செல்ல வேண்டுமாயின் வானொலி அலையே வழி. 1994-ல் ஸ்வீடனிலுள்ள எரிக்ஸன் கம்பெனியில், குறுந்தொலைவுக் கம்பிகளுக்கு மாற்றாகத் தொடங்கிய ஆராய்ச்சியே பின்னர் புளூடூத் ஆயிற்று. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு என்னும் மன்னரின் பட்டப்பெயர் அது. பிரிந்து கிடந்தோரை ஒன்றுசேர்த்தவர் என்பதால் அவர் பெயரை வைத்தனர். அதன் இலச்சினையும் அம்மன்னரின் பெயரெழுத்துகள் இரண்டைப் பழைய ரூனிக் வரிவடிவில் பிணைத்ததே. பேருக்கு ஏற்ற வேகம் அதற்கு இல்லை. முதற்காலத்தில் விநாடிக்கு ஒரு மெகாபிட்டைத் தாண்டாது. முகவரிக்குப் போதும், பாட்டுக்குப் போதாது.

இந்த வழக்கின் இரு தரப்பிலும் நம் நாட்டவர்க்குப் பங்குண்டு என்பதைக் குறிப்பிடாமற் செல்ல மனமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் மில்லிமீட்டர் அலைகளைக் கொண்டு, இடையில் கம்பி ஏதுமின்றித் தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தும் வெடிமருந்தைப் பற்றவைத்தும் காட்டினார். அவர் கையாண்ட 60 கிகாஹெர்ட்ஸ் அளவிலான அலைகளை, நூறாண்டுகளுக்கும் மேல் கழித்து, கணிப்பொறிகளுக்கிடையே குறுந்தொலைவில் மிக விரைவாகச் செய்தி அனுப்புவதற்கென மீண்டும் எடுத்தாண்டனர். கம்பியின் தரப்பிலோ, பரோடாவின் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் பயின்ற அஜய் பட் இருக்கிறார். இன்டெல் கம்பெனியில் அவரும் அவருடைய குழுவினரும் முயன்று உருவாக்கியதே யூஎஸ்பி. அதன் முதல் விதிகள் 1996-ல், பைலட் பிறந்த அதே ஆண்டில், வெளியாயின. அதற்குமுன் கணிப்பொறியின் பின்புறத்தில் ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு வடிவத்தில் வாய் இருந்தது. யூஎஸ்பி அவற்றை ஒன்றாக்கிற்று. செய்தியும் மின்சாரமும் ஒரே வடத்தில் சென்றன. இந்த இரண்டாவது கொடைதான் கம்பியைப் பின்னாளில் காப்பாற்றியது என்பது என் கருத்து. செருகியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நாம் படும் பாட்டுக்கு விளக்கமும் உண்டு: இருபுறமும் பொருந்துமாறு செய்தால் கம்பிகள் இரட்டிக்கும், செலவும் கூடும் என்று விட்டுவிட்டார்கள். 2014-ல் வந்த சி வகைச் செருகியில்தான் அக்குறை தீர்ந்தது.

பாட்டு வந்ததும் வேகமே தலையாய கேள்வியாயிற்று. 2001-ல் ஆப்பிள் கம்பெனியின் ஐபாடு 5 கிகாபைட் கொள்ளளவுடன் வெளிவந்தது. அக்கால யூஎஸ்பியின் வேகம் விநாடிக்கு 12 மெகாபிட். அதில் ஐபாடை நிரப்பக் கணக்களவிலேயே ஒரு மணி நேரம் ஆகும். எனவே அவர்கள் 400 மெகாபிட் வேகமுடைய ஃபயர்வயர் என்னும் வேறொரு கம்பியைக் கொண்டனர். காற்று வழி அன்று போட்டியிலேயே இல்லை. 2007-ல் ஐபோன் வந்தபோதும், அது தொலைபேசியாயிருந்தும், கடையில் வாங்கி வந்தவர் அதனைக் கம்பியினால் கணிப்பொறியுடன் இணைத்த பின்னரே அதில் பேச முடிந்தது. உலகோடு காற்றில் பேசும் கருவிக்கு, மேசையோடு பேச மட்டும் கம்பி வேண்டியிருந்தது. 2010-ல் பிரிட்டனில் ஒரு மாணவர் அதே வேலையைக் காற்று வழியே செய்யும் ஒரு செயலியை எழுதி அக்கம்பெனிக்கு அனுப்பினார், அது ஏற்கப்படவில்லை. அடுத்த ஆண்டு அக்டோபரில் கம்பெனியே அவ்வசதியை அளித்தது.

அவ்வசதியிலும் ஒரு நுட்பம் உண்டு. காற்று வழி ஒத்திசைவை இயக்கி வைப்பதற்கே முதலில் ஒருமுறை கம்பியால் இணைக்க வேண்டும். அதன் பின்னரும், கைப்பேசி மின்னேற்றத்தில் இருக்கும்போதுதான் அது தானாக நடைபெறும். இரவில் எப்படியும் எல்லோரும் கைப்பேசிக்கு மின்னேற்றுவார்கள். அந்த நேரத்தில் ஓசையின்றி வேலை முடிந்துவிடும் என்பது கணக்கு. காற்று வழி வென்றது வேகத்தினாலன்று. கம்பியைவிட அது அன்றும் மெதுவானதே. மறதியுள்ள மனிதன் ஒன்றும் செய்யாமலே வேலை நடைபெறுகிறது என்பதால் வென்றது.

நம் நாட்டில் இக்கதை சற்று வேறுவிதமாக நடந்தது. பெரும்பாலோர்க்கு வீட்டில் கணிப்பொறியே இல்லை. இருந்தவர்களும் ஒவ்வொரு கைப்பேசிக்கும் தனித்தனியே 'டேட்டா கேபிள்' தேடி அலைந்தனர். ஒரே கம்பெனியின் இரண்டு கைப்பேசிகளுக்கு இரண்டு வகை வாய்கள். மற்றவர்க்குக் கடைத்தெருவே கணிப்பொறியாயிற்று. மெமரி கார்டைக் கழற்றிக் கொடுத்தால் கடைக்காரர் சில ரூபாய்க்கு அதில் பாட்டுகளை ஏற்றித் தருவார். பேருந்து நிலையங்களை ஒட்டிய கடைகளில் இளைஞர் கூட்டம் இதற்கென்றே நின்றிருந்த காலம் நமக்கு நினைவிருக்கும். 2016-ல் இணையக் கட்டணம் பெரிதும் வீழ்ந்த பின்னரே காற்று வழி நம்மிடையே பொதுவழக்காயிற்று.

இவ்விடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூற அனுமதிக்க வேண்டுகிறேன். 2000-க்குப் பின் சில ஆண்டுகள் கழித்து, டில்லியில் இருந்தபோது, என் தந்தையார் சொல்லச் சொல்ல உறவினர்களின் பெயர்களையெல்லாம் கைப்பேசியில் குறித்து வைத்தேன். எண் மட்டுமன்று, இன்னார் இன்னாருடைய மகள், எந்த ஊரில் கொடுத்திருக்கிறது, எந்தக் கலியாணத்தில் சந்தித்தோம் என்பனவும் பெயரின் கீழ்க் குறிப்பாக இருந்தன. வாரந்தோறும் கம்பியால் இணைத்துக் கணிப்பொறியிலும் ஒரு படி வைத்திருந்தேன். ஆகவே கவலையில்லை என்று எண்ணினேன். தந்தையார் காலமான மறு ஆண்டு கைப்பேசி பழுதாயிற்று. பழுது பார்த்த கடையில் அதன் நினைவகத்தை முற்றிலும் துடைத்துக் கொடுத்திருந்தார்கள். அதை அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல் கம்பியை இணைத்தேன். திரையில் ஏதோ ஒரு கேள்வி தோன்றிற்று. படியாமலே 'ஆம்' என்று அழுத்தினேன். கைப்பேசியில் இல்லாதவையெல்லாம் நீக்கப்பட்டவை என்று கணிப்பொறி கொண்டது. நீக்கியவற்றைத் தன்னிடமிருந்தும் நீக்கிக்கொண்டது. சில விநாடிகளில் இரண்டு ஏடுகளும் மிகச் சரியாக ஒத்திசைந்தன, இரண்டிலும் ஒன்றுமில்லை.

கும்பகோணத்திலிருந்த என் தமக்கையாரிடம் ஒரு பழைய நாட்குறிப்பு இருந்தது. அதிலிருந்து எண்களைப் பெரும்பாலும் மீட்டேன். குறிப்புகளை மீட்க முடியவில்லை. இருமுனைகளையும் ஒன்றாக்குவது ஒத்திசைவு. ஒரு முனை அழிந்தாலும் மறுமுனை நிலைத்திருக்கச் செய்வது காப்புப்படி. முன்னதைச் செய்துவிட்டுப் பின்னதைச் செய்ததாக எண்ணியிருந்தேன். கம்பிக்கும் காற்றுக்கும் இதில் வேறுபாடில்லை. காற்று வழியாயின் அந்தக் கேள்விகூடத் தோன்றாமலே முடிந்திருக்கும்.

கம்பியை அறுத்தவர்கள் அடுத்தபடியாக மேசையையும் அகற்றினர். 2008-ல் வெளிவந்த முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசி, கணிப்பொறியுடன் ஒத்திசைவதற்கென எந்த மென்பொருளையும் உடன் கொண்டுவரவில்லை. முகவரிகளும் நாட்காட்டியும் கூகுளின் சேமிப்பு நிலையங்களோடு நேராகப் பேசின. 2011-ல் ஆப்பிள் கம்பெனியின் ஸ்டீவ் ஜாப்ஸ், இனி மேசைக் கணிப்பொறியும் பிற கருவிகளைப் போன்ற ஒரு கருவியே, நடுநாயகம் மேகத்தில் இருக்கும் என்று அறிவித்தார். மேகம் என்பது அழகிய பெயர். தரையில் எங்கோ கட்டடங்களில் அடுக்கப்பட்ட கணிப்பொறிகள்தாம் அவை. கண்டம் விட்டுக் கண்டம் அவற்றுக்குச் செல்லும் செய்தியில் பெரும்பகுதி பம்பாயிலும் சென்னையிலும் கரையேறும் கடலடிக் கம்பிகளில்தான் செல்கிறது. 1870-ல் செப்புக்கம்பி, இன்று கண்ணாடி இழை.

மூலப்படி பிறரிடம் இருப்பதன் அபாயத்தை 2009 அக்டோபரில் அமெரிக்காவில் சைட்கிக் என்னும் கைப்பேசி வைத்திருந்தோர் உணர்ந்தனர். அவர்களுடைய முகவரிகளும் படங்களும் மைக்ரோசாஃப்ட் கம்பெனிக்கு உரிமையான ஒரு சேமிப்பு நிலையத்தில் இருந்தன. அங்கே பழுது நேர்ந்தது. கைப்பேசியிற் கிடப்பதே எஞ்சிய படி. மின்கலத்தைக் கழற்றினால் அதுவும் போய்விடும், கழற்றாதீர்கள் என்று அவர்களுக்கு எச்சரிக்கை விடப்பட்டது. பின்னர்ப் பெரும்பகுதி மீட்கப்பட்டது. எனினும் அந்தச் சில நாட்கள், கையில் வைத்திருக்கும் பொருளே தமதன்று என்ற உணர்வை அவர்களுக்கு அளித்திருக்கும்.

கம்பியும் குற்றமற்றதன்று. மின்சாரமும் செய்தியும் ஒரே வடத்தில் செல்வதால், பொது இடத்தில் மின்னேற்றச் செருகும்போது செய்தியும் களவு போகக்கூடும் என்று 2011-லேயே அமெரிக்காவில் செய்து காட்டினர். அதனால்தான் இந்நாட்களில் வடத்தைச் செருகியதும், இந்தக் கணிப்பொறியை நம்பலாமா என்று கைப்பேசி நம்மைக் கேட்கிறது. 1928-ல் அரசாங்கங்கள் கம்பியின்மேல் வைத்திருந்த நம்பிக்கை தலைகீழாகிவிட்டதைப் பாருங்கள்.

2023-ல் வந்த ஐபோன் 15-ல் சி வகைச் செருகி இடம்பெற்றது. 2024 டிசம்பர் 28 முதல் அச்செருகியைப் புதிய கைப்பேசிகளுக்கு ஐரோப்பிய யூனியன் கட்டாயமாக்கிற்று. வாய் புதியது, ஆனால் ஐபோன் 15-ன் சாதாரண வகையில் கம்பி வழி வேகம் விநாடிக்கு 480 மெகாபிட் மட்டுமே. அது 2000-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட யூஎஸ்பி 2.0-வின் வேகம். விலை மிகுந்த வகையில்தான் 10 கிகாபிட் கிடைக்கும். 100 கிகாபைட் படங்களை மாற்ற முன்னதில் கணக்களவில் 28 நிமிடம் ஆகும். பின்னதில் ஒன்றரை நிமிடங்கூட ஆகாது. பொதுமக்கள் கம்பியை மின்னேற்றத்துக்கு மட்டுமே செருகுகிறார்கள் என்று செய்தவர்கள் கணித்திருக்கிறார்கள். அக்கணிப்பு பெரும்பாலும் சரியே.

நான் அந்தப் பெரும்பாலோரைச் சேர்ந்தவனல்லன். அன்றாட வேலைகளுக்கு மேகத்தையே நம்புகிறேன். மறதி எனக்கும் உண்டு. ஆனால் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியைக் கம்பியால் இணைத்து, ஒத்திசைக்காமல், படங்களையும் முகவரிகளையும் தனியே ஒரு வட்டில் நகலெடுத்துத் தேதியிட்டு வைக்கிறேன். பழைய நகலை அழிப்பதில்லை. சென்ற மாதம் நகலெடுக்க ஆறு நிமிடம் ஆயிற்று. பேத்தி எங்கோ கொண்டுபோய் வைத்துவிட்ட வடத்தைத் தேடிக் கண்டுபிடிக்க அரைமணி நேரம் ஆயிற்று.